வீட்டு எஸ்பிரெசோ மெஷின்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

எஸ்பிரெசோ மெஷின் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மெஷின் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை காபி, அதில் எத்தனை பாலோடு, காலையில் காபிக்கென்று எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று மெஷினாகச் சுருங்கிவிடும். அப்புறம் பட்ஜெட்டைப் பிரிக்கும்போது மெஷினுக்கு முன்னால் கிரைண்டருக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்லப்போவது அதைத்தான். சுமாரான மெஷினும் நல்ல கிரைண்டரும் இருந்தால் நல்ல காபி வரும். நல்ல மெஷினும் சுமாரான கிரைண்டரும் இருந்தால் வராது.

டம்ளர் டபராவில் ஆற்றிக் குடிக்கும் டிகிரி காபிதான் உங்களுக்கு வேண்டும் என்றால் இத்தனை செலவே வேண்டாம். பித்தளை ஃபில்டரும் நல்ல தூளும் போதும். எஸ்பிரெசோவில் பால் ஊற்றினால் வருவது வேறு காபி. அந்தச் சுவை பிடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

எது எஸ்பிரெசோ, எது இல்லை

சுமார் 93 டிகிரி செல்சியஸ் வெந்நீரை 9 பார் அழுத்தத்தில், நைஸாக அரைத்து இறுக்கிய காபித்தூள் வழியாக அரை நிமிடத்துக்குள் தள்ளினால் வருவதுதான் எஸ்பிரெசோ. இன்று வழக்கமான கணக்கு 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி. நம் ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் மெல்ல இறங்குகிறது. இங்கே பம்ப் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் தூளிலிருக்கும் எண்ணெயும் கரியமில வாயுவும் சேர்ந்து மேலே பொன்னிற நுரையாக நிற்கும். அதுதான் கிரெமா.

இந்த நுரை ஆரம்பத்திலேயே இருந்ததில்லை. இத்தாலியில் லூயிஜி பெட்ஸேரா 1901-இல் காப்புரிமை பெற்ற மெஷின் நீராவி அழுத்தத்தில் ஓடியது. அதில் ஒன்றரை பார் அளவுக்குத்தான் அழுத்தம் கிடைத்தது. மிலானைச் சேர்ந்த அக்கிலே காஜ்ஜா 1940-களின் கடைசியில் கைப்பிடியை இழுத்து அழுத்தம் தரும் லீவர் மெஷினைக் கொண்டுவந்த பிறகுதான் காபியில் கிரெமா தெரிய ஆரம்பித்தது. 1961-இல் வந்த ஃபேமா இ61 மெஷினில் மின்சார பம்ப் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இந்தப் பழங்கதை கடையில் உதவும். 'எஸ்பிரெசோ மேக்கர்' என்ற பெயரில் இன்றும் பம்ப் இல்லாத, நீராவியால் ஓடும் சிறு மெஷின்கள் விற்கின்றன. பெட்டியில் 3.5 பார், 5 பார் என்று போட்டிருக்கும். அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாத்திரத்தில் வருவது போல ஒரு கெட்டியான காபி அதில் கிடைக்கும், பாலோடு குடிக்க மோசமில்லை. எஸ்பிரெசோ என்று நினைத்து வாங்கினால் மட்டும் ஏமாற்றம்தான்.

இதற்கு நேர்மாறாக, 15 பார், 20 பார் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். தண்ணீர் வெளியே போக வழியில்லாதபோது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம் அது. காபிக்கு வேண்டியது 9 பார்தான். நல்ல மெஷின்களில் அதற்கு மேல் ஏறாமல் மிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வால்வு இருக்கும். அந்த வால்வு 9 பாருக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எண் கூடினால் காபி நன்றாக இருக்கும் என்று எதுவும் இல்லை.

முதலில் கிரைண்டர்

"மிக்ஸியில் அரைத்தால் என்ன?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டுவதால் பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் வரும். தண்ணீர் ரவை இருக்கும் பக்கமாகப் பாய்ந்து ஓடிவிடும். ரவை புளிப்பையும் மாவு கசப்பையும் ஒரே கோப்பையில் இறக்கும். அதனால் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி அரைக்கும் பர் கிரைண்டர்தான் வேண்டும். அதிலும் எஸ்பிரெசோ அளவுக்கு நைஸாக அரைக்கக்கூடியதாகவும், மிகச் சிறிய அளவில் கூட்டிக் குறைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் பலர் பார்ப்பதில்லை. ஒரு கிளிக் திருப்பினால் ஷாட் (ஒரு முறை காபி இறங்குவது) 20 விநாடியிலிருந்து 45 விநாடிக்குத் தாவும் கிரைண்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கையால் சுற்றும் கிரைண்டர்கள் அவற்றின் விலைக்கு ஆச்சரியப்படுத்தும் அளவு நல்லவை. கிங்ரைண்டர் கே6 மாடலில் ஒரு கிளிக் 16 மைக்ரான் நகரும். 1ஸீபிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரான். 18 கிராம் அரைக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் கை வலிக்கும், லைட் ரோஸ்ட் கொட்டையானால் அதற்கு மேலும். ஒரு நாளைக்கு இரண்டு காபி என்றால் இது போதும். நாலு பேர் உள்ள வீட்டில் காலையில் வரிசையாகப் போட வேண்டும் என்றால் எலக்ட்ரிக் கிரைண்டர் வாங்கிவிடுவதே குடும்ப அமைதிக்கு நல்லது.

மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்காவது கிரைண்டருக்கு வையுங்கள். பாதி வைத்தாலும் தப்பில்லை. கடையிலேயே அரைத்து வாங்கிக்கொள்ளலாமே என்றால், எஸ்பிரெசோ தூள் சில நாளிலேயே வாசம் போய்விடும், அதோடு உங்கள் மெஷினுக்கு ஏற்றபடி மாற்றவும் முடியாது.

பிறகு மெஷின்

மெஷின்களை விலையை வைத்துப் பிரிப்பதைவிட தண்ணீரை எப்படிச் சூடாக்குகின்றன என்று பிரித்துப் பார்த்தால் தெளிவாக இருக்கும்.

தெர்மோபிளாக் வகையில் தண்ணீர் சூடான உலோகக் குழாய் வழியாக ஓடும்போதே சூடாகிறது. சீக்கிரம் தயாராகும், சமையல் மேடையில் இடம் அடைக்காது. டெலாங்கி டெடிகா இந்த வகை. பிரெவில் பாம்பினோ கிட்டத்தட்ட இதே வழிதான், மூன்று விநாடியில் சூடாகிவிடும் என்பது அதன் பெருமை. காலையில் அவசரமாக ஆபீஸ் கிளம்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சிங்கிள் பாய்லர் மெஷினில் ஒரே பாய்லர் காபிக்கும் நீராவிக்கும். காஜ்ஜா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா இரண்டும் இதில் பெயர் பெற்றவை. பழுது பார்க்க எளிது, உதிரி பாகம் கிடைக்கும், பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும். சூடாக 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். காபி இறக்கிய பின் நீராவி சூட்டுக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டும், மறுபடி காபி என்றால் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். விருந்தாளிகள் ஆறு பேர் வந்து எல்லோருக்கும் பால் காபி என்றால் கடைசி ஆளுக்குக் கொடுப்பதற்குள் முதல் ஆள் கிளம்பிவிடுவார்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர், டபுள் பாய்லர் இரண்டிலும் காபியும் நீராவியும் ஒரே நேரத்தில் வரும். தினமும் நாலைந்து பால் காபி போடும் வீட்டுக்குத்தான் இவை. முதல் மெஷினாக இவற்றை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பால் சேர்க்காமல் கறுப்பாக மட்டும் குடிப்பவராக இருந்தால் ஃபிளேர் போன்ற கை லீவர் மெஷினையும் யோசிக்கலாம். பம்ப் இல்லை, உங்கள் கைதான் பம்ப். அந்த விலையில் அதைவிட நல்ல எஸ்பிரெசோ தரும் மெஷின் அரிது. வெந்நீர் தனியாகக் கொதிக்க வைக்க வேண்டும், பெரும்பாலான மாடல்களில் பாலுக்கு நீராவி கிடையாது.

எந்த வகையானாலும் வாங்குமுன் பாஸ்கெட்டைப் பாருங்கள். காபித்தூள் போடும் சல்லடைக் கிண்ணம் அது. விலை குறைந்த மெஷின்களோடு வருவது இரட்டைச் சுவர் பாஸ்கெட். உள்ளே நிறைய ஓட்டை இருந்தாலும் அடியில் ஒரே ஒரு ஓட்டைதான். தூள் எப்படி அரைத்திருந்தாலும் அந்த ஓட்டை அழுத்தத்தை உண்டாக்கி நுரை வரவைத்துவிடும். பார்க்க கிரெமா போலிருக்கும், குடித்தால் தெரியும். நல்ல கிரைண்டர் கையில் இருந்தால் ஒற்றைச் சுவர் பாஸ்கெட் தனியாக வாங்கி மாற்றிவிடுங்கள். டெடிகாவுக்கு 51 மில்லிமீட்டர், பாம்பினோவுக்கு 54, காஜ்ஜா கிளாசிக்குக்கும் சில்வியாவுக்கும் 58. கடை மெஷின்களிலும் 58-தான் பரவலான அளவு என்பதால் அதற்குப் பாஸ்கெட், தூளை அழுத்தும் டாம்பர் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும்.

பிளக் பாயிண்ட், தண்ணீர்

மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு பலரும் முழிப்பது இந்த இரண்டில்தான். சமையலறையில் மிக்ஸி மாட்டும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். நம் 230 வோல்ட்டில் அது 1380 வாட் வரைதான் தாங்கும். பல மெஷின்கள் அதைத் தாண்டும். கீஸருக்கும் மைக்ரோவேவுக்கும் பயன்படும் 16 ஆம்பியர் பாயிண்ட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் மெஷினை ஓட்ட நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த மெஷின்.

தண்ணீர் விஷயம் இன்னும் பெரிது. போர்வெல் தண்ணீரில் குளித்தால் பக்கெட்டில் வெள்ளைப் படலம் படிகிற ஊர்களில் அதே படலம் பாய்லருக்குள்ளும் படியும். மெஷின்கள் வாழ்நாள் முடியாமலே சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சரி, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தாதுவே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், பாய்லரின் உலோகத்தையும் அரிக்கும். சில பெரிய மெஷின்களில் நீர்மட்டம் பார்க்கும் சென்சாருக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது. நடுவில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். 70-இலிருந்து 150-க்குள் இருந்தால் நிம்மதி. பல ஆர்.ஓ. கருவிகளில் டி.டி.எஸ். கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு, சர்வீஸுக்கு வருபவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஆனால் அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துதான் அளவைக் கூட்டும். ஆகவே உங்கள் பகுதித் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டை

ஃபில்டர் காபிக்கு வாங்கும் சிக்கரி கலந்த தூளை இந்த மெஷினில் போடக் கூடாது. சிக்கரி தண்ணீரில் சட்டென்று கரைந்து பிசுபிசுக்கும், பாஸ்கெட்டை அடைக்கும், கசப்பை ஏற்றும்.

நல்ல செய்தி என்னவென்றால், எஸ்பிரெசோவுக்கான கொட்டைக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்னணியில் இருக்கிறது. நம் ரோபஸ்டா வகைக் கொட்டையும், மேற்குக் கரையில் மழைக்காற்றில் ஊறவைத்து உப்பச் செய்யும் மான்சூன்ட் மலபாரும் அவர்களுடைய கலவைகளில் சேர்கின்றன. சிக்மகளூர், குடகு, ஏற்காடு, கொடைக்கானல் என்று தோட்டத்தின் பெயரும் வறுத்த தேதியும் போட்டு விற்கும் ரோஸ்டர்கள் இப்போது நிறைய. அது இல்லையென்றால் தெருவில் உள்ள காபித்தூள் கடையிலேயே "பிளாண்டேஷன் ஏ அரைக்கிலோ, அரைக்காமல் கொட்டையாகவே கொடுங்கள், சிக்கரி வேண்டாம்" என்று கேட்கலாம். பிளாண்டேஷன் ஏ என்பது அராபிகா வகைக் கொட்டையில் ஒரு தரம். கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், கொடுத்துவிடுவார். கிரெமாவும் கனமும் கூட வேண்டும் என்றால் கால் பங்கு ரோபஸ்டா சேர்த்துக்கொள்ளலாம். அதில் கேஃபீன் அராபிகாவைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு என்பதை மட்டும் ராத்திரி நினைவில் வையுங்கள்.

வறுத்த மறுநாளே போட வேண்டாம். உள்ளே வாயு அதிகமாக இருப்பதால் ஷாட் நுரைத்துத் தறிகெட்டு ஓடும். ஒரு வாரம் விட்டு ஆரம்பித்தால் ஐந்தாறு வாரம் வரை நன்றாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் மீடியம் டார்க் வாங்குங்கள். லைட் ரோஸ்ட் புளிப்பை அடக்கத் தெரிந்த பிறகு அதற்குப் போகலாம்.

ஷாட் இறக்குவது

மெஷினைப் போட்டதும், பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரையும் அதிலேயே மாட்டிவிடுங்கள், அதுவும் சூடாக வேண்டும். தெர்மோபிளாக் என்றால் தூள் இல்லாமல் ஒருமுறை வெந்நீர் ஓடவிட்டால் போதும்.

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு கட்டாயம் வேண்டும். கண்ணளவு இங்கே செல்லாது. பாஸ்கெட்டில் 18 கிராம் என்று அச்சிட்டிருந்தால் 18 கிராம் கொட்டையை நிறுத்து அரையுங்கள். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் தூள் மைதா போல வழுக்காமல், லேசாக நறநறவென்று இருக்க வேண்டும். பாஸ்கெட்டில் போட்ட பின் மெல்லிய ஊசியால் கட்டிகளைக் கிளறி உடைத்து, மேலே மட்டமாக்குங்கள். பிறகு டாம்பர். எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதைவிட நேராக அழுத்துகிறோமா என்பதுதான் முக்கியம். சாய்வாக அழுத்தினால் தூள் தாழ்ந்த பக்கம் தண்ணீர் ஓடிவிடும். தூள் இனி உள்ளே போகாது என்று கைக்குத் தெரியும்போது நிறுத்துங்கள்.

பாஸ்கெட்டின் விளிம்பைத் துடைத்து, மெஷினில் வெந்நீர் இறங்கும் குரூப் ஹெட்டில் மாட்டி, கோப்பையைத் தராசின்மேல் வைத்து, பட்டனையும் ஸ்டாப்வாட்ச்சையும் ஒன்றாக அழுத்துங்கள். அடி இல்லாத போர்ட்டாஃபில்டர் இருந்தால் கீழே குனிந்து பாருங்கள். ஆறேழு விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு சல்லடை ஓட்டைகளில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகத் துளிர்க்கும். அவை சேர்ந்து நடுவில் ஒரே தாரையாகும், கரும்பழுப்பில் பொன்னிறக் கோடுகள் ஓடும். போகப்போக நிறம் வெளுத்து தாரை மெலியும். இப்படி இல்லாமல் ஒரு ஓரத்தில் மட்டும் வெளுத்து, ஊசியாகப் பீய்ச்சி உங்கள் சட்டையில் அடித்தால் தூளில் எங்கோ விரிசல் விழுந்திருக்கிறது. ஊசியால் கிளறியதும் அழுத்தியதும் சரியில்லை என்று அர்த்தம்.

தராசு 34 காட்டும்போதே நிறுத்திவிடுங்கள், மிச்சம் சொட்டி 36-க்கு வந்துவிடும். இப்போது நேரத்தைப் பாருங்கள். 25 முதல் 30 விநாடிக்குள் என்றால் குடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். 15 விநாடியிலேயே 36 கிராம் வந்து, நாக்கின் ஓரம் கூசும் அளவு புளித்து, தண்ணியாக இருந்தால் இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். 45 விநாடி இழுத்து, கசந்து தொண்டையில் வறட்சி நின்றால் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தூளின் எடை, காபியின் எடை இரண்டையும் மாற்றாமல் அரைப்பதை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும். நேரம் சரியாக வந்தும் புளிக்கிறதா? அதே அரைப்பில் 40, 42 கிராம் வரை ஓடவிட்டுப் பாருங்கள். கசக்கிறதா? 32-இல் நிறுத்துங்கள்.

ஒரு பை முடிந்து புதுப் பை பிரித்ததும் இதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஒரே பையிலும் நாளாக ஆக ஷாட் வேகமாக ஓடும், அதற்கேற்ப கொஞ்சம் கொஞ்சமாக நைஸாக்கிக்கொண்டே போக வேண்டும்.

பால்

நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் எதற்கும் தொடுவதில்லை. இங்கே அந்தப் பழக்கத்தை விட வேண்டும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்து வருகிறது. அதைக் காய்ச்சி, ஆடை எடுத்து, ஆற வைத்து மறுபடி நீராவி காட்டினால் வழுவழுப்பான நுரை வராது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஜக்கில் ஊற்றுங்கள். ஆவின் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். எனக்குப் பிடித்தது பச்சை. நீலம் நன்றாக நுரைக்கும், வாயில் கனம் குறைவு. ஆரஞ்சில் காபியின் சுவை அமுங்கிவிடும். கறந்த பாலை வாங்குகிறவர்கள் மட்டும் காய்ச்சித்தான் ஆக வேண்டும், அதில் சமரசம் கூடாது.

நீராவி வரும் குழாயான ஸ்டீம் வாண்டைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை முதலில் வெளியே விடுங்கள். நுனி பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். திறந்ததும் காகிதம் கிழிவது போல் 'ஸ்ஸ்' என்று கேட்டால் காற்று போகிறது. ஐந்தாறு விநாடி, ஜக் உடம்புச் சூட்டுக்கு வரும்வரை அப்படி விடுங்கள். பிறகு நுனியை இன்னும் கொஞ்சம் இறக்கி, பால் சுழலும்படி ஜக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். இப்போது சத்தம் அடங்க வேண்டும். 'கர்ர்' என்று அலறினால் நுனி ரொம்ப ஆழத்தில் இருக்கிறது. ஜக்கைத் தொட்ட கை சட்டென்று விலகும்போது நீராவியை நிறுத்துங்கள், அது 60 டிகிரிக்குப் பக்கம்.

60 டிகிரி காபியைக் கொடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் "ஆறிப்போச்சே" என்பார்கள். கோப்பையை வெந்நீரில் சூடாக்கி வைத்து, பாலை 68 வரை கொண்டுபோங்கள். 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு மங்கி நுரை உடையும். அதற்கு மேல் சூடு கேட்பவர்களுக்கு ஃபில்டர் காபியே போட்டுக் கொடுத்துவிடலாம்.

முடிந்த கையோடு ஈரத்துணியால் வாண்டைத் துடைத்து, ஒருமுறை நீராவி விடுங்கள். பால் காய்ந்து ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சிங்கிள் பாய்லர் என்றால் நீராவிக்குப் பிறகு குரூப் வழியாகத் தண்ணீர் ஓடவிட்டு பாய்லரை நிரப்பிக் குளிரவையுங்கள்.

பராமரிப்பு

தினமும் கடைசிக் காபிக்குப் பின் சக்கையைத் தட்டிவிட்டு, வெறும் தண்ணீர் ஓட்டி, குரூப்பின் சல்லடையைத் துடைத்தால் போதும். சக்கை செடிக்குப் போடலாம், மண்ணோடு கலந்து கொஞ்சமாக.

ஷாட் முடிந்ததும் 'புஸ்' என்று தண்ணீர் கீழ்த்தட்டில் கொட்டினால் உங்கள் மெஷினில் மூவழி வால்வு இருக்கிறது. அப்படியானால் ஓட்டையில்லாத பாஸ்கெட்டில் காபி மெஷினுக்கென்று விற்கும் பவுடரை அரை ஸ்பூன் போட்டு, பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, ஐந்தாறு முறை திரும்பச் செய்யுங்கள். பிறகு பவுடர் இல்லாமல் அதே போல் அலசுங்கள். வீட்டில் தினமும் இரண்டு காபி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அந்த வால்வு இல்லாத மெஷினில் இதைச் செய்யக் கூடாது, அழுத்தம் வெளியேற வழியில்லாமல் போர்ட்டாஃபில்டரைக் கழற்றும்போது முகத்தில் தெறிக்கும்.

உப்புப் படலம் நீக்க, மெஷினோடு வந்த கையேட்டில் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் போடுங்கள். பல மெஷின்களுக்கு சிட்ரிக் ஆசிட் ஒத்துக்கொள்ளும், ஆனால் அலுமினிய பாய்லரில் அமிலத்தை ஊறவைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வினிகர் வேண்டாம். வாசம் போகாது, ரப்பர் வளையங்களுக்கும் நல்லதில்லை. தண்ணீரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த வேலை வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வராது.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து போர்ட்டாஃபில்டரின் ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும், கைப்பிடியும் முன்பைவிட அதிகம் திரும்பும். மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். குரூப் ஹெட்டிலிருக்கும் ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போயிருக்கிறது. காஜ்ஜா, சில்வியா போன்ற மெஷின்களில் ஸ்குரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் அரைமணியில் நாமே மாற்றிவிடலாம். மாடல் பெயர் சொல்லி சிலிகான் கேஸ்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள், ரப்பரைவிட அதிக நாள் வரும்.